முன்சீட்டு மச்சான்

அந்தத் தெருவில் அவனை எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். முறைக்கு அப்படிக் கூப்பிட வேண்டியவர் ஒரே ஒருவர், அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவர் காரில் உட்கார்ந்தபடியே, "மச்சான், கேட்டைத் திற!" என்று கத்திக் கத்தி, அது எதிர்வீட்டுப் பல் டாக்டர் காதில் விழுந்து, முனையில் இருக்கும் பேக்கரிக்காரர் காதில் விழுந்து, கடைசியில் தபால்காரர்கூட, "மச்சான், இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. கல்யாணமே செய்துகொள்ளாத ஆள் ஒரு தெருவுக்கே மச்சான் ஆன கதையை வேறு எங்கே கேட்டிருப்பீர்கள்?

அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவன் ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை பார்த்தான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவனும் ஒரு நாற்காலியும், அந்தப் பக்கம் மலை மலையாய் மீன். சுவரில் வட்டமாக ஒரு மீட்டர், மீட்டருக்குள் ஒரு முள். முள் ஏறினால் திருகை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், இறங்கினால் மறுபக்கம். கேட்கிறவர்களுக்கு, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று தோன்றும். ஒரு மத்தியானம் அவன் கண் அசந்திருந்தால் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும் என்பது அவனுக்கு அல்லவா தெரியும்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி நரைத்தது. குளிர் மெல்ல மெல்ல எலும்புக்குள் போய்க் குடியேறி, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பிறகு கிடங்கை யாரோ வாங்கி இடித்தார்கள். மச்சான் ஒரு பையோடும் கம்பளிக் குல்லாயோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

அக்காவும் அத்தானும் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவர்கள். கீழே கடை, மேலே வீடு. அக்கா அளந்து வெட்டித் தைப்பாள். அத்தான் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஹோட்டல்களிலும் பள்ளிக்கூட மேடைகளிலும் வீடுகளிலும் மாட்டிவிட்டு வருவார். துணி உருளைகள் அடுக்கிய பின்னறையில் மச்சானுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அவன் ஊசியைப் பிடித்தால் கை நடுங்கியது. ஏணியில் ஏறினால் தலை சுற்றியது. கேட்டைத் திறப்பான், கேட்டை மூடுவான், நடுவில் தும்முவான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தவர்களுக்கு ஒரு தம்பி வந்து தங்கிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லத் தெரியவில்லை.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது உண்மை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "தம்பி என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். அக்கா பதில் சொல்வதற்குள் அவனே முந்திக்கொண்டு, "சும்மாத்தான் இருக்கேன்" என்பான். அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு ஒரு கவளம் குறைத்துச் சாப்பிடுவான்.

அத்தானுடைய கார் நீளமானது, பழையது, துணி உருளைகளைப் படுக்க வைக்க வசதியானது. அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. கொதிக்கும். சந்தை மேட்டில் பாதி ஏறுவதற்குள் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொடும், முன்பக்கத்தில் ஆவி கிளம்பும், அத்தான் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்று வானத்தைப் பார்ப்பார். ஒருமுறை பொறுமையில்லாமல் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து, இடது புருவத்தில் பாதியைப் பறிகொடுத்தார். மறுபடி முளைத்த பாதி, பழைய பாதியோடு சேராமல் இன்றுவரை தனியாக நிற்கிறது.

ஒருநாள் மச்சானுக்கு மூக்கடைப்பு முற்றிப்போய், அவனை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. முன்சீட்டில் குல்லாயோடு சுருண்டு உட்கார்ந்தான். வழக்கப்படி தண்ணீர்க் கேன்கள் பின்னால் தயாராக இருந்தன. சந்தை மேடு வந்தது. ஏறினார்கள். இறங்கினார்கள். முள் அசையவே இல்லை.

"அட!" என்றார் அத்தான்.

அடுத்த வாரம் மருந்து வாங்கப் போனபோதும் கொதிக்கவில்லை. அவனை விட்டுவிட்டு அத்தான் மட்டும் ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை கொண்டுபோனார், பாலத்திலேயே கொதித்தது. மறுநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று மச்சானை ஏற்றிக்கொண்டு அதே ஹோட்டலுக்குப் போனார். கொதிக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று ஒருமுறை சொல்லலாம், இருமுறை சொல்லலாம். காக்கை உட்காரும்போதெல்லாம் பழம் விழுந்தால் ஊர் காக்கையைத்தானே கொண்டாடும்?

"நான் அப்பவே சொன்னேன்ல, என் தம்பி ராசிக்காரன்னு!" என்றாள் அக்கா. அப்படி அவள் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு அவளே அதை முழுசாக நம்பினாள்.

அன்றிலிருந்து மச்சானுக்குச் சுக்கிர திசை. காலையில் அவன் எழுவதற்கு முன்பே வெந்நீர் தயார். தட்டில் முட்டை ஒன்றுக்கு இரண்டாய் விழுந்தது. "மச்சான், கிளம்பலாமா? உனக்கு எப்ப வசதி?" என்று அத்தான் மரியாதையாகக் கேட்டார். அவன் இல்லாமல் கார் தெரு முனையைத் தாண்டாது. முன்சீட்டு அவனுடையது என்று ஆகிவிட்டது. அக்காவே பின்சீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் உரிமையை ஒரு மனைவி விட்டுக்கொடுப்பதென்றால் சாதாரண விஷயமா? "தம்பி என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் இப்போது அத்தான் முந்திக்கொண்டார். "அவன் இல்லாட்டி என் பொழப்பே இல்லைங்க."

அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது மச்சானுக்கு.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது. பேக்கரிக்காரருடைய வேன் கோடையில் கொதிக்கும் வேன். "மச்சானைக் கொஞ்சம் கடன் கொடுங்க" என்று வந்து நின்றார். மச்சான் போனான், வேன் கொதிக்காமல் ரொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. பிறகு பல் டாக்டர் கேட்டார். அவர் காரில் மச்சான் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே புகை கிளம்பி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மச்சானுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தெரு அவனைக் கைவிடவில்லை.

"மச்சான் என்ன பண்ணுவான் பாவம்!" என்றார் பேக்கரிக்காரர். "தினமும் 'வலிக்காது, வலிக்காது'ன்னு பொய் சொல்ற ஆளு. அந்தப் பாவத்துக்கு முன்னாடி எந்த ராசி நிக்கும்?"

அந்த டாக்டர் காரில், சூட்டுக் காற்று ஊதும் ஹீட்டரின் திருகு உடைந்து கையோடு வந்துவிட்டதை மச்சான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கதவைச் சாத்துவான், குல்லாயை இழுத்துவிடுவான், ஹீட்டரைத் திருகுவான். மூச்சு விடுவதை யார் கணக்கில் வைக்கிறார்கள்? அத்தானும் அக்காவும்தான் வியர்த்து வழிந்து கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. கார் கொதிக்கிற நாட்களில் அத்தான் முதலில் பார்ப்பதே ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்பதைத்தான். எரிகிற வீட்டில் யாராவது அடுப்பைப் பற்ற வைப்பார்களா?

மெக்கானிக்கிடம் போகாமல் இல்லை. ஆற்றோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அக்கா, காரைப் பற்றி ஒரு பொய் சொன்னால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுகிற ரகம்.

"நிக்கும்போது கொதிக்குதா, ஓடும்போது கொதிக்குதா?" என்று கேட்டாள்.

"நிக்கும்போது" என்றார் அத்தான். "ஓடும்போதுதான்" என்றாள் அக்கா. "மேட்டுல" என்றாள் அவர்கள் மகள். மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர்; அப்பாவை விட உயரமாக வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

"தண்ணி குறையுதா? பின்னாடி வெள்ளையா புகை வருதா?"

இரண்டும் இல்லை. மெக்கானிக் அக்கா விசிறியைப் பார்த்தாள், சுற்றியது. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தாள், விறைப்பாக இருந்தது. சூடானதும் தண்ணீருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பட்டறையில் தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டாள். தண்ணீர் கொதித்ததும் அது ஒழுங்காக வாயைத் திறந்தது. அன்றைக்குத் தேநீர் கிடையாது. எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜினை நெடுநேரம் ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "முள் எங்க நிக்குது?" என்று கத்தினாள்.

"நடுவுல!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

பதில் சொன்னது மச்சான். வழியில் கொதித்துவிடக் கூடாதே என்று அவனையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். "நீ இறங்காத, இறங்கினா கொதிச்சிரும்" என்று அக்கா சொல்லியிருந்ததால், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்சீட்டிலேயே சுகமாக உட்கார்ந்திருந்தான். நோய் வந்தவனைத் தேற்றிச் சிங்காரித்து டாக்டரிடம் கொண்டுபோய், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கச் சொன்ன கதைதான். மூன்று முறை இப்படியே கொண்டுபோனார்கள். மூன்று முறையும் மெக்கானிக் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்குத்தான் ஏதோ" என்று அனுப்பி வைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் வாண்டுவுக்குக் கடலோர நகரம் ஒன்றில் கண்ணாடி போடும் படிப்புக்கு இடம் கிடைத்தது. கண்ணைச் சோதித்து, யாருக்கு எந்தக் கண்ணாடி என்று சொல்கிற படிப்பு. மலையைத் தாண்டிப் போக வேண்டும். எல்லாருமாகக் காரில் போய் அவளை விடுதியில் விட்டுவிட்டு வருவதென்று முடிவானது. மூட்டை முடிச்சு அதிகம். முக்கியமாக அவளுடைய பெரிய இரும்புப் பெட்டி எங்கே வைத்தாலும் அடங்கவில்லை.

"முன்சீட்டுல வெச்சா கச்சிதமா இருக்கும்" என்றாள் வாண்டு.

"அப்ப மாமா?" என்றாள் அக்கா, ஏதோ காரின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னது போல. "பெட்டி அப்புறமா லாரியில வரட்டும். மாமா இல்லாம மலை ஏற முடியுமா?"

மச்சான் கேட்டைத் திறக்கப் போகிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துக்கொண்டான். வாண்டு பிறந்ததிலிருந்து அவளை அவனுக்குத் தெரியும். அவளைக் கொண்டுபோய் விடுகிற பயணத்தில் தனக்கு ஒரு இடம் இருக்கிறது, அதுவும் முன்னால் இருக்கிறது என்பதை நினைத்து நினைத்து அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

வாண்டு வளர்த்த தங்கமீனை அவள் தோழி வீட்டில் ஒப்படைக்க எல்லோரும் கிளம்பிய அன்றுதான் குட்டு உடைந்தது. கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு மச்சானுக்கு. மீனோடு அவனுக்குப் பழைய பழக்கம், உயிரோடு இருக்கும் மீனோடு இல்லை என்றாலும்.

சந்தை மேட்டில் பாதி ஏறியிருப்பார்கள். முள் எழுந்தது.

முதலில் பார்த்தவன் மச்சான்தான். முள் என்றால் அவன் கண்ணுக்குத் தப்பாது. அது ஏற ஏற அவன் தொட்டியை இறுக்கிப் பிடித்தான்.

"ஐயோ, ஏறுதே!" என்று அத்தான் அலறினார். "மச்சான் உள்ளதானே இருக்கான்?"

"டேய், மனசுல என்னடா நினைச்ச?" என்று பின்னாலிருந்து அக்கா தோளைப் பிடித்து உலுக்கினாள். "நல்லதா நினைடா!"

அவள் உலுக்கியதில் தொட்டி தளும்பி மடியெல்லாம் நனைந்தது. குளிர் சுரீர் என்று ஏறியது. மச்சான் தொட்டியைப் பின்னால் வாண்டுவிடம் தள்ளிவிட்டு, பல் கிட்டிக்க, ஹீட்டரைக் கடைசிவரை திருகினான். சூடான காற்று முழங்காலில் அடித்தது. முள் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது.

"அப்பாடா!" என்றாள் அக்கா. "அப்படித்தான். நல்லதையே நினை."

மச்சான் எதையுமே நினைக்கவில்லை. அவன் கை திருகின் மேலேயே இருந்தது. முள் ஏறினால் திருகு, இறங்கினால் மறுபக்கம். வாழ்நாளெல்லாம் செய்த வேலை அல்லவா? மெதுவாக ஹீட்டரை அணைத்தான். மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் முள் எழுந்தது. திருகினான். இறங்கியது. இன்னொரு முறையும் செய்து பார்த்தான். பின்சீட்டில் அக்காவும் வாண்டுவும் மீனைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. ராசி அவனிடம் இல்லை. இரண்டு விரலால் திருகுகிற ஒரு குமிழில் இருந்தது.

பாவம், அவன் அதற்குச் சந்தோஷப்படுவானா, அழுவானா? ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒருவனுக்கு, ஆடியது தன்னையல்ல, ஒரு பிளாஸ்டிக் குமிழை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் முதலில் முடிவு செய்தான். யாருக்கு என்ன நஷ்டம்? கார் ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது, முட்டை இரண்டு வருகிறது.

ஆனால் முள் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு பயணத்திலும் அவன் உற்றுப் பார்த்தான். ஹீட்டரைக் கடைசிவரை திருகியிருந்தும் முள் நடுவில் நிற்கவில்லை. நடுவுக்கு ஒரு நூல் மேலே நின்றது. அடுத்த முறை இன்னும் ஒரு நூல். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. குளிர்கிடங்கில் இப்படித்தான் தொடங்கும். அசட்டையாக இருந்தால் நாறிவிடும். எங்கேயோ எதுவோ அடைத்துக்கொண்டு வருகிறது. சந்தை மேட்டுக்கே இந்தப் பாடு என்றால் மலைப்பாதையில் என்ன ஆகும்? நடுவழியில் இன்ஜின் வெந்துபோனால் அத்தான் எதில் திரைச்சீலை கொண்டுபோவார்? வாண்டு எப்படிப் போய்ச் சேருவாள்?

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் விழுந்த இரண்டாவது முட்டையைப் பார்த்ததும் அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டி கொதிக்காம இருக்கிறது என்னால இல்ல."

"பின்ன?"

"நான் போடுற ஹீட்டரால."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஹீட்டர் போட்டா சூடு ஏறுமா, இறங்குமா? உளறாம சாப்பிடு. ராசியை எல்லாம் இப்படி வாய்விட்டுச் சொல்லக் கூடாது, போயிரும்."

"இன்ஜின் சூட்டைத்தான்க்கா அது உறிஞ்சி நம்ம மேல ஊதுது. நாம வேர்க்கிறோம், அது தப்பிக்குது. நம்பலைன்னா நீங்க மூணு பேரும் இப்பவே போங்க. நான் வரல. ஹீட்டரை மட்டும் முழுசா போட்டுக்கிட்டு சந்தை மேட்டுல ஏறிட்டு வாங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவன்கூடக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வான். மச்சான் அவர்களை வற்புறுத்திக் காரில் ஏற்றி, கேட்டைத் திறந்துவிட்டு, சாலை ஓரத்தில் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நல்லவன்தான். ஆனாலும் அவனும் மனிதன்தானே? கொதித்துவிட்டால் என்ன, ஒரே ஒரு முறை கொதித்துவிட்டால் என்ன என்று அவன் மனதின் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டே இருந்தது.

கார் திரும்பி வந்தது. ஆவி இல்லை, புகை இல்லை. கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது, மூன்று முகங்களும் வியர்வையில் நனைந்திருந்தன. அத்தான் இறங்கி, தனியாக நிற்கும் அந்தப் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

அக்காதான் கிட்டே வந்தாள். "சொல்லாமலே இருந்திருக்கலாமேடா" என்றாள். கண் கலங்கியிருந்தது. இரண்டாவது முட்டை எதற்காக விழுந்தது என்பதை அவளும் அறிவாள் போலிருக்கிறது.

அன்றைக்கே பட்டறைக்குப் போனார்கள். இந்த முறை ஹீட்டர் போடவில்லை. மச்சான் பின்சீட்டில் உட்கார்ந்தான். கார் வழியெல்லாம் பொங்கி, நின்று நின்று, ஆவியோடு போய்ச் சேர்ந்தது. கதையைக் கேட்ட மெக்கானிக் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

"மூணு தடவை கொண்டுவந்தீங்களே, இந்த மனுஷன் உள்ள உக்காந்து ஹீட்டர் போட்டிருந்தார்னு ஒருத்தர் சொல்லலையே! நானும் ஒரு தடவை கண்ணாடி வழியா எட்டிப் பாக்கலையே! 'முள் எங்க நிக்குது?'ன்னு அவர்கிட்டயே கேட்டிருக்கேன் பாரு!" என்று தன் நெற்றியில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள். "உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு, அதுதான் ஹீட்டர். பெரியவன் படுத்துட்டான், அவன் வேலையையும் சின்னவன் இழுத்துக்கிட்டு இருந்திருக்கான். இனி பெரியவனைப் பாத்தா போதும்."

பெரியவனை முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாக இருந்தது. போன மூன்று முறையும் அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள். முன்னால் தெரிவது ஏசிக்கான சல்லடை என்பதும், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. முள் நடுவில் நிற்கும்போது யார் அதையெல்லாம் கழற்றிப் பார்ப்பார்கள்? இந்த முறை கழற்றினாள். இரண்டு சல்லடைகளுக்கும் நடுவில் விரலை விட்டாள். எதையோ பிடித்தாள். மெல்ல இழுத்தாள்.

வந்தது ஒரு கம்பளி.

கம்பளி என்றால் கம்பளியேதான். கை அகலத்துக்கு, ஒரே துண்டாக, கனமாக, அடுக்கடுக்காக. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிரித்தாள். துணிப்பஞ்சு. அவள் கடையில் வெட்டுகிற துணியிலிருந்து பறக்கும் பஞ்சையெல்லாம் வெளியே தள்ள ஒரு காற்றாடி சுவரில் இருக்கிறது. அந்தக் காற்றாடிக்கு நேராகக் காரின் மூக்கு இருக்கும்படிதான் அத்தான் நிறுத்துவார். அக்கா தைக்கத் தைக்க, கார் போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"இந்தச் சிவப்பு அந்த ஹோட்டல் சிவப்பு" என்றாள் அக்கா, ஒரு அடுக்கை நீவிக்கொண்டே. "இது பள்ளிக்கூட மேடை நீலம். அந்த மஞ்சள்... ஐயையோ, இது நாம கடை திறந்தப்ப தைச்சது!"

"எல்லாமே இருக்கா?" என்று அத்தான் குனிந்தார். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, கல்யாண போட்டோ பார்ப்பது போல் அந்த அழுக்குப் பஞ்சைப் பார்த்தார்கள்.

மச்சான் சிரிக்கத் தொடங்கினான். குளிரும் என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற அவனுக்கு, புழுங்கிச் செத்தாலும் கம்பளியைக் கழற்றத் தெரியாத ஒரு இன்ஜினைப் பார்த்தால் சிரிப்பு வராதா? அவன் சிரித்ததைப் பார்த்து வாண்டு சிரித்தாள். கடைசியில் பட்டறையே சிரித்தது. மெக்கானிக் அக்கா ரேடியேட்டரைக் கழுவி மாட்டி, ஹீட்டர் இல்லாமல் சந்தை மேட்டில் ஏறி இறங்கிக் காட்டினாள். முள் நடுவிலேயே நின்றது.

ஊருக்குக் கிளம்புகிற காலை வந்தது. மச்சான் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிட்டான். வாண்டுவின் இரும்புப் பெட்டியைத் தனியாகவே படியில் இறக்கி, முன்சீட்டில் வைத்து, ஆடாமல் இருக்கட்டும் என்று சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டான். கச்சிதமாகத்தான் இருந்தது. அவனை விட நேராக உட்கார்ந்திருந்தது. வாண்டுவின் கையில் தன் பழைய கம்பளிக் குல்லாயைக் கொடுத்து, "கடல்காத்து குளிரும்" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அதுதானே அவன் வேலை?

அத்தான் வந்தார். இன்ஜினை ஓடவிட்டார். எதையோ திருகினார். நிமிர்ந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"இது யாரு?"

"பெட்டி அத்தான். லாரி எதுக்கு, இப்பதான் இடம் இருக்கே!"

"பெட்டிக்கு முள் பாக்கத் தெரியுமா?"

"இனிமே பாக்கத் தேவையே இல்ல அத்தான். அது சரியாயிருச்சு."

"நடுவுக்கு ஒரு நூல் மேல போனதை நான் பாத்தேனா, உங்க அக்கா பாத்தாளா?" என்றார் அத்தான். "கேட்டை வெளிய இருந்து பூட்டிட்டு ஏறு."

சொல்லிக்கொண்டே சீட் பெல்ட்டைக் கழற்றினார். அக்காவும் வாண்டுவும் எங்கிருந்தோ திரைச்சீலைக் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். அது ஏற்கெனவே அளந்து வெட்டி வைத்தது போலிருந்தது. பெட்டி காரின் கூரைமேல் ஏறியது. அக்கா போட்ட முடிச்சை அவிழ்க்க இன்னொரு அக்காதான் பிறக்க வேண்டும். மச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாண்டுதான் அவனைப் பிடித்துத் தள்ளி உள்ளே உட்கார வைத்தாள்.

கதவைச் சாத்தினான். குல்லாயை இழுத்துவிடக் கை போனது. குல்லாய் வாண்டுவின் தலையில் இருந்தது. ஹீட்டரைத் திருகக் கை போனது. அது ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தது. சூடான காற்று முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில் நாள். பின்சீட்டில் அக்கா இப்போதே முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஹீட்டர் ஓடுது" என்றான் மச்சான். "வண்டிக்குத்தான் இப்ப தேவையில்லையே."

அத்தான் சாலையைப் பார்த்தபடி கியரைப் போட்டார்.

"வண்டிக்கு யாரு போட்டா?"

மச்சான் வழக்கம்போல் முள்ளைப் பார்த்தான். நடுவில்தான் நின்றிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதால் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.